வீட்டுக்கார அம்மா கொடுத்த மசாம்ப்ரோன், ரவுண்ட் ஐலண்ட் கற்றாழைதானா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள் அல்லவா. வேலைக்காக மொரிஷியஸ் வந்து காத்ர் போர்னில் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். வீட்டுக்கார அம்மா, தன் வாசலில் விதை விழுந்து முளைத்த கன்று ஒன்றைத் தொட்டியில் வைத்து உங்களுக்குக் கொடுத்து, பெயர் மசாம்ப்ரோன் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இது ரவுண்ட் ஐலண்ட் கற்றாழை, உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம்" என்று சொல்லிவிட்டார். அது உண்மையா, ஊருக்குப் போகும்போது திருநெல்வேலிக்குக் கொண்டுபோகலாமா, சோற்றுக்கற்றாழை மாதிரி சாறு எடுத்துக் குடிக்கலாமா, அடி இலைகள் ஏன் கொழகொழவென்று அழுகுகின்றன என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நான்கும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது: இவ்வளவு அரிய செடி என் கைக்கு வந்திருந்தால், நான் அதை என்ன செய்ய வேண்டும்? அதற்குத்தான் நீளமாகப் பதில் எழுதுகிறேன், மற்றவை கூடவே வரும்.

நான் கோவையில் தோட்டக்கலை படித்தவன். கல்யாணமாகி இங்கே வந்தபிறகு, இந்தத் தீவுகளுக்கே உரிய செடிகளை நாற்றங்காலில் வளர்ப்பதுதான் வருடக்கணக்காக என் வேலை. செடிக்குப் பெயர் வைத்து வகைப்படுத்தும் தாவரவியலாளர்கள் வேறு, நான் வேறு. அதனால் எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை ஊகமாகச் சொல்கிறேன் என்று பிரித்தே எழுதுகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குவோம். மொரிஷியஸ், ரொட்ரிக்ஸ், ரீயூனியன் மூன்றையும் சேர்த்து மஸ்கரீன் தீவுகள் என்கிறோம். இந்தத் தீவுக் கூட்டத்துக்கு வெளியே இயற்கையாக எங்கும் வளராத கற்றாழை இனங்கள் நான்கு இங்கே உண்டு. மொரிஷியஸ் பெருந்தீவின் மலைகளில் அலோ பர்பியூரியா. ரவுண்ட் ஐலண்டிலும் அதற்குத் தென்மேற்கே க்வாங் தெ மிர் என்ற குட்டித் தீவிலும் அலோ டோர்மென்டோரி. ரொட்ரிக்ஸில் அலோ லொமாட்டோஃபில்லாய்டிஸ். 1874இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த பிரிட்டிஷ் குழுவோடு வந்த ஐசக் பேலி பால்ஃபோர் என்ற தாவரவியலாளர் பெயரிட்டது இது. ரீயூனியனில் அலோ மாக்ரா, அது மேற்குப் பக்கத்து வறண்ட காடுகளைச் சேர்ந்தது. அந்தக் காட்டில் இன்னும் மிச்சமிருக்கும் துண்டுகளில் ஒன்று லா கிராண்ட் ஷலூப் என்ற இடத்தில் இருக்கிறது. கரும்புத் தோட்ட வேலைக்காக நம் ஊர்ப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர்களை இறக்கி, நோய் இல்லை என்று தெரியும்வரை அடைத்துவைத்த லாசரே கட்டடங்களும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. ரீயூனியன் போனால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்த நான்கையும் மற்ற கற்றாழைகளிலிருந்து பிரிப்பது பழம். ஆப்பிரிக்கக் கற்றாழைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காய் முற்றினால் காய்ந்து, மூன்றாக வெடித்து, உள்ளே இருக்கும் மெல்லிய இறக்கை வைத்த விதைகள் காற்றில் போகும். மஸ்கரீன் கற்றாழைகளின் காய் வெடிக்காது. சதைப்பற்றோடு பழுத்து, கனிந்து விழும். இதற்காகவே இவற்றையும் மடகாஸ்கரில் உள்ள சில உறவுகளையும் லொமாட்டோஃபில்லம் என்று தனிப் பேரினமாகவே நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 1990களின் நடுவில்தான் மறுபடி கற்றாழைக்குள் சேர்த்தார்கள். பழைய புத்தகத்திலோ பழைய பெயர்ப்பலகையிலோ லொமாட்டோஃபில்லம் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், இதே செடிதான்.

பழம் சதையோடு இருக்கிறது என்றால் அதைத் தின்று விதையைக் கொண்டுபோய்ப் போட யாரோ இருந்திருக்க வேண்டும். இங்கிருந்து ஊகம் தொடங்குகிறது. மஸ்கரீன் தீவுகளில் முன்பு ராட்சத ஆமைகள் ஐந்து இனம் இருந்தன. எல்லாவற்றையும் மாலுமிகளும் குடியேறியவர்களும் தின்றே தீர்த்துவிட்டார்கள். பழம் தின்னும் பெரிய அரணைகள் இருந்தன. அவற்றில் டெல்ஃபேர் அரணை ரவுண்ட் ஐலண்டில் இன்றும் இருக்கிறது. கற்றாழைப் பழத்தை இவையெல்லாம் தின்றிருக்கும் என்பது நியாயமான ஊகம். அந்தக் காலத்தில் யாரும் பார்த்து எழுதிவைக்காததால் எந்த விலங்கு எவ்வளவு பரப்பியது என்பது ஊகமாகவேதான் நிற்கும். ஆனால் 2007 முதல் ரவுண்ட் ஐலண்டில் அல்டாப்ரா ராட்சத ஆமைகளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள், அழிந்துபோன உள்ளூர் ஆமைகளின் வேலையைச் செய்வதற்காக. மஹேபூர் எதிரே இருக்கும் இல் ஓ செக்ரெத் தீவில் அதற்கு முன்பே விட்டார்கள். அங்கே கருங்காலிப் பழத்தை ஆமை தின்று விதையைத் தாய்மரத்திலிருந்து தள்ளிக் கொண்டுபோய்ப் போடுவதும், அந்த விதை நன்றாக முளைப்பதும் ஆய்வில் உறுதியாகியிருக்கிறது.

சரி, ரவுண்ட் ஐலண்ட் பற்றி. மொரிஷியஸின் வட முனையிலிருந்து வடகிழக்கே சுமார் 22 கிலோமீட்டரில் கடலுக்கு நடுவே எழும் எரிமலைக் குன்று அது. சுமார் 220 ஹெக்டேர், உச்சி 280 மீட்டர். துறை கிடையாது, படகு அலையோடு ஏறி இறங்கும்போது சரியான நொடி பார்த்துப் பாறையில் தாவ வேண்டும். ஏறிப் பார்த்தால் பெரும்பகுதி வெறும் பாறைச் சரிவு. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பழுப்புப் பாறை, மழைநீர் அறுத்த நீளமான ஓடைகள். ஒரு காலத்தில் மேலே மண் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்ட ஆடுகளும் முயல்களும் முளைத்ததையெல்லாம் தின்றதில், பிடித்துவைக்க வேர் இல்லாமல் அந்த மண் மழையோடு கடலுக்குப் போய்விட்டது. மிச்ச மண் பாறை வெடிப்புகளில் ஒரு பிடி, இரண்டு பிடி என்று கிடக்கிறது. கற்றாழை நிற்பதும் அங்கேதான். அருகில் உட்கார்ந்து பார்த்தால், வெடிப்பில் இறங்கிய வேர்களைச் சுற்றிக் காய்ந்த பனையோலைத் தூளும் பறவை எச்சமும் சேர்ந்து கறுப்பாக ஒரு பொடி இருக்கும், விரலால் கிளறினால் ஒரு அங்குலத்தில் பாறை தட்டும். இலை மேல் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். நாள் முழுக்கக் காற்று. இந்த இடத்துக்காகவே உருவான செடி என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அழுகல் பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும்.

ஆடுகளை 1979இல் ஒழித்தார்கள், முயல்களை 1986இல். எலி மட்டும் அந்தத் தீவில் என்றைக்குமே கால் வைத்ததில்லை. பெருந்தீவில் அழிந்துபோன பல உயிர்கள் அங்கே தப்பியதற்கு அதுவே பெரிய காரணம். அப்படியும் எல்லாம் தப்பவில்லை. அங்கே மட்டும் மிஞ்சியிருந்த இரண்டு வகைப் போவாப் பாம்புகளில் ஒன்று 1975க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அந்தத் தீவுக்கே உரிய ஒரு வகைப் பனை, காட்டு நிலையில் ஒரே ஒரு மரமாகக் குறைந்தது. ஆடும் முயலும் போன பிறகு நாற்று நடுவதும், களை எடுப்பதும், விதை சேர்ப்பதும் இன்றுவரை ஓயாமல் நடக்கிறது. அரசின் தேசியப் பூங்காத் துறையும் மொரிஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷனும் சேர்ந்து செய்கிறார்கள். அனுமதி இல்லாமல் யாரும் அங்கே இறங்க முடியாது. அனுமதியோடு போகிறவர்கள்கூடப் பை, சட்டை மடிப்பு, காலணி அடி எல்லாவற்றையும் தட்டி உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு களை விதையோ ஒரு எறும்போ கூடவே போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். க்வாங் தெ மிரில் எலியும் முயலும் இருந்தன, 1995இல் இரண்டையும் ஒழித்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன "உலகத்திலேயே கொஞ்சம்தான்" என்பதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி சரி. காட்டில் இந்தக் கற்றாழையின் இடம் மிகச் சிறியது. நோயோ புதுப் பூச்சியோ ஒன்று போய்ச் சேர்ந்தால் ஒரேயடியாக ஆட்டம் காணும் அளவுக்குச் சிறியது. ஆனால் விதையிலிருந்து வளர்ப்பது கஷ்டமில்லை. அதனால் நாற்றங்கால்களிலும் தோட்டங்களிலும் இது இருக்கிறது, வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடமும் இருக்கிறது. காட்டில் அரிது என்பதும் தொட்டியில் அரிது என்பதும் வேறு வேறு. ரவுண்ட் ஐலண்டிலிருந்து யாராவது பிடுங்கிக்கொண்டு வந்தார்களோ என்று நீங்கள் பதற வேண்டியதில்லை, அது நடந்திருக்க வாய்ப்பே இல்லை என்றுதான் சொல்வேன்.

இப்போது உங்கள் செடி. நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சில சந்தேகங்களைக் கழித்துவிடலாம். ஃபுர்க்ரேயா இல்லை. இங்கே வழிநெடுக நிற்குமே, ஆள் உயரத்துக்கு வாள் வாளாக, அதைத்தான் ஊரில் பலரும் 'அலோயெஸ்' என்கிறார்கள். சர்க்கரை மூட்டைக்கு நார் எடுத்த செடி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, கற்றாழைக் குடும்பமே இல்லை. அதன் இலையைக் கிள்ளினால் நார்தான் வரும், சோறு இருக்காது. உங்கள் செடி சோற்றுக்கற்றாழையாகவும் தெரியவில்லை. சோற்றுக்கற்றாழை சாம்பல் பூத்த பச்சை, இளசில் வெள்ளைத் திட்டு இருக்கும், ஓரம் வெளிறியிருக்கும். உங்களுடையது அடர்பச்சை, இலை விளிம்பில் செம்பழுப்பாக ஒரு கோடு ஓடுகிறது, அந்தக் கோட்டின் மேல் பல். இந்த விளிம்புக்கோடு மஸ்கரீன் கற்றாழைகளுக்கு உரியது. ஆனால் வெயில் அதிகமானாலோ தண்ணீர் குறைந்தாலோ எந்தக் கற்றாழையும் சிவக்கும். ஆகவே தொட்டியைச் சில வாரம் பாதி நிழலில் வையுங்கள். வெயில் சிவப்பு என்றால் மங்கிப் போகும், பிறவிக்கோடு என்றால் அப்படியே நிற்கும்.

அது நின்றால் மஸ்கரீன் கற்றாழை என்ற அளவில் நம்பலாம். அதில் எது, பர்பியூரியாவா டோர்மென்டோரியா என்பதை இந்த வயதுச் செடியின் படத்தை வைத்து நானும் சொல்ல முடியாது, வேறு யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அதற்குத் தண்டு எவ்வளவு உயர்கிறது, பூந்தண்டு எப்படிக் கிளைக்கிறது, பூவின் அளவு என்ன, எல்லாம் வேண்டும். செடி பூக்க இன்னும் வருடங்கள் ஆகும். மசாம்ப்ரோன் என்ற பெயரும் உதவாது, ஊரில் அது ஒரு இனத்தோடு நிற்பதில்லை. பூத்த பிறகு உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ரெதுயியில் உள்ள மொரிஷியஸ் ஹெர்பேரியத்தில் காட்டிக் கேட்கலாம், அங்கே உலர்த்தி வைத்த மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் பூத்தாலும் தீராத ஒரு சிக்கலுக்கான தடயம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. வீட்டுக்கார அம்மா வாசலில் "ரெண்டு மூணு விதமா" கற்றாழை நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையது அங்கே விதை விழுந்து முளைத்தது. கற்றாழை இனங்களில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை, இன்னொரு செடியின் மகரந்தம் வேண்டும். பக்கத்தில் வேறு இனம் பூத்திருந்தால் அதையும் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். உலகம் முழுக்கத் தோட்டங்களில் கற்றாழைக் கலப்புகள் இத்தனை மலிந்து கிடப்பதற்கு இதுதான் காரணம். தேனீக்கும் பூவில் தேன் குடிக்கும் வெள்ளைக்கண்ணிக் குருவிக்கும் நம் வாசல்களில் ஓடித் திரியும் பச்சைப் பல்லிக்கும் இது பெருந்தீவுச் செடி, இது ரவுண்ட் ஐலண்டுச் செடி என்ற கணக்கெல்லாம் கிடையாது. கடல் பிரித்து வைத்திருந்த இரண்டை நாம் ஒரே வாசலில் நட்டுவிட்டோம். ஆக உங்கள் கன்றுக்குத் தாய் எது என்று அம்மா ஒருவேளை சொல்லலாம், தகப்பன் எது என்று யாராலும் சொல்ல முடியாது. பார்க்க அசல் மாதிரியே இருக்கும் கலப்பும் உண்டு.

கலப்பு என்றால் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ரவுண்ட் ஐலண்டில் கூடு வைக்கும் பெட்ரெல் கடற்பறவைகளே மூன்று இனங்களின் கலப்பு என்று மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. அந்தப் பறவைகளைப் பாதுகாக்கத்தான் பாடுபடுகிறோம். அவை தாமாகப் பறந்து வந்து சேர்ந்தவை. நம் தோட்டத்தில் நடப்பது வேறு. காட்டில் சொற்பமாக மிஞ்சிய ஒரு இனத்துக்குப் பக்கத்தில், அதே பெயரில், அதே முகத்தில் கலப்புச் செடிகள் பெருகிக்கொண்டே போகின்றன. நாளைக்குக் காட்டில் நட நாற்று வேண்டும் என்று வரும்போது யாராவது நல்ல மனதோடு அந்தக் கலப்பைக் கொண்டுவந்து கொடுப்பார். அது ஒருமுறை தீவுக்குள் போய்ப் பூத்துவிட்டால் திரும்பப் பிரிக்கவே முடியாது. அதனால்தான் எங்கள் நாற்றங்காலில் விதை எந்தத் தீவில், எந்தச் சரிவில், எந்த மாதம் எடுத்தது என்ற சீட்டு இல்லாத தொட்டியை எவ்வளவு அழகான செடியாக இருந்தாலும் தனியாக எடுத்துவைத்துவிடுவோம். இனத்தைக் காக்கும் வேலையில் பாதி அந்தச் சீட்டுதான். செடி வாடினால் இன்னொன்று வளர்க்கலாம், சீட்டு தொலைந்தால் அதே செடியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஊரில் பாரம்பரிய நெல் காப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெயர் தெரியாமல் கலந்துபோன விதைநெல்லைப் பற்றி இதையேதான் சொல்வார்கள்.

ஆகவே நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்றால், வளர்த்துங்கள், தாராளமாக. அது தப்பே இல்லை. வீட்டில் வளர்க்கும்போதுதான் இந்தச் செடிகளோடு மனிதர்களுக்கு ஒட்டுதல் வருகிறது. தொட்டியில் ஒரு அட்டை செருகி, "காத்ர் போர்ன் வீட்டு வாசல், விதைக்கன்று, பெற்றோர் தெரியாது" என்று எழுதுங்கள். அது பழம் விட்டால் அந்த விதையை அரிய இனம் என்று சொல்லி யாருக்கும் கொடுக்காதீர்கள், மலையிலோ கடற்கரையிலோ கொண்டுபோய்த் தூவவும் வேண்டாம். இந்தக் கடைசி வாக்கியத்தை அழுத்திச் சொல்கிறேன், நல்லது செய்வதாக நினைத்து அப்படிச் செய்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். கோர் தெ கார்ட் மலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் மேலே பாறையில் கற்றாழை கண்டால் கிள்ளாமல் வருவதும் இதே அளவு முக்கியம். காட்டிலிருந்து உள்நாட்டுச் செடிகளை எடுப்பதை 2015ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆனால் சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அந்த ஒரு செடி அங்கே விதை போடாவிட்டால் அந்தப் பாறையில் அடுத்தது வர வழியில்லை என்பது. உங்களுக்கு அசல் இனமே வேண்டும் என்று ஆசையிருந்தால், உள்நாட்டுச் செடி வளர்க்கும் நாற்றங்காலில், எங்கிருந்து வந்த விதை என்று சொல்லக்கூடிய இடமாகப் பார்த்து வாங்குங்கள். கேட்டால் சொல்வார்கள், சொல்லத் தெரியாத இடத்தில் வாங்க வேண்டாம்.

திருநெல்வேலிக்குக் கொண்டுபோவது பற்றி: பெட்டியில் சுருட்டிவைத்துக் கொண்டுபோகவே கூடாது. சோற்றுக்கற்றாழையைத் தவிர கற்றாழைப் பேரினம் முழுவதும், அரிய உயிரினங்கள் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்ட வேண்டுமென்றால் இங்கிருந்து ஏற்றுமதி அனுமதி வேண்டும். கூடவே ரெதுயியில் தாவரப் பாதுகாப்பு அலுவலகத்தின் நோயின்மைச் சான்றிதழ். இந்தியப் பக்கம் 2003ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதி. 2022இல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சைட்டிஸ் பட்டியலையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது. இத்தனையும் வாங்கிக் கொண்டுபோகிற அளவுக்கு, பெற்றோர் தெரியாத கன்று ஒன்றுக்கு அவசியம் இல்லை. ஊரில் உங்கள் அம்மாவுக்குக் கற்றாழை வேண்டுமென்றால் பாளையங்கோட்டையில் எந்த நர்சரியிலும் சோற்றுக்கற்றாழை கிடைக்கும்.

குடிப்பது பற்றி: வேண்டாம். இந்தத் தீவுகளில் மஸ்கரீன் கற்றாழைகளை நாட்டு வைத்தியத்தில் பயன்படுத்தியிருக்கிறார்கள், அது உண்மை. காட்டில் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மொரிஷியஸ் ஆய்வாளர்கள் இலைச்சாற்றை ஆய்வகத்தில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஆய்வகக் கண்ணாடியில் நடப்பதற்கும் மனிதன் குடிப்பதற்கும் தூரம் அதிகம். சோற்றுக்கற்றாழையிலேயே சோறு வேறு, தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பால் வேறு. அந்தப் பால் கடுமையான பேதி மருந்து. நம் பாட்டிமார் இலையை நறுக்கி நிறுத்தி வைத்து, பால் வடிந்த பிறகு ஏழு தண்ணீர் விட்டுக் கழுவியது சும்மா இல்லை. பால் நீக்காத முழு இலைச் சாற்றை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளது என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. இது எல்லோருக்கும் பழக்கமான இனத்தின் கதை. கற்றாழையில் 500க்கும் மேல் இனங்கள் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் அலோ பால்லியி மாதிரி சிலவற்றில் உயிரையே எடுக்கும் விஷம் இருக்கிறது. மஸ்கரீன் கற்றாழைகள் அப்படி என்று நான் சொல்லவில்லை. இனமே தெரியாத இலையை வாயில் வைக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன், அதிலும் வீட்டில் கர்ப்பிணிகளோ குழந்தைகளோ இருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

கடைசியாக அழுகல், இது இன்றைக்கே கவனிக்க வேண்டியது. படத்தில் தொட்டி மண் கறுப்பாக, பசையாகத் தெரிகிறது, அடியில் தட்டு வேறு வைத்திருக்கிறீர்கள். பாறை வெடிப்பில் ஒரு பிடிப் பொடியில் வாழப் பழகிய வேருக்கு இது மூச்சு முட்டும் இடம். காத்ர் போர்ன் மழையும் சேர்ந்தால் அடி இலை அழுகத்தான் செய்யும். தட்டை முதலில் எடுத்துவிடுங்கள். செடியை மெதுவாகக் கவிழ்த்து எடுத்து, மண்ணை உதறி, வேரைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக, கடினமாக இருப்பது நல்ல வேர். விரலால் உருவினால் தோல் மட்டும் கழன்று உள்ளே நூல் மாதிரி மிஞ்சுவது செத்த வேர், அதைக் கத்தரித்துவிடுங்கள். அழுகிய இலைகளைத் தண்டை ஒட்டி உரித்து எடுத்தபின் தண்டின் அடியைப் பாருங்கள். வெள்ளையாக, இறுக்கமாக இருந்தால் பிழைத்துக்கொள்ளும். பழுப்பாக இருந்தால் சுத்தமான கத்தியால் வெள்ளை தெரியும்வரை சீவி, நிழலில் காற்றுப்பட ஒரு வாரம் போல வையுங்கள், காயம் காய்ந்து தோல் கட்டட்டும். ஈரத்தோடு நட்டால் மறுபடி அழுகும்.

நடுவதற்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கருங்கல் மணலில் தூளைச் சலித்துவிட்டு, பருமனாக நிற்பதை இரண்டு பங்கு எடுத்து, மக்கிய உரம் ஒரு பங்கு கலந்தால் போதும். கடற்கரை மணலை அள்ளாதீர்கள். மண்தொட்டி, அகலமாக, ஆழம் குறைவாக. நட்டவுடன் தண்ணீர் விடாமல் சில நாள் விடுங்கள், பிறகு மேல் மண் நன்றாகக் காய்ந்தபின் ஒருமுறை நிறைய ஊற்றி வடியவிடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் எல்லாவற்றையும்விட மோசம். காலை வெயில் படும், மதியம் நிழல் விழும், காற்று ஓடும் இடம் நல்லது. கோடை மழைக்காலத்தில் கூரை விளிம்புக்கு உள்ளே தள்ளி வையுங்கள்.

இலை இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் மாவுப்பூச்சி, சாராயம் தொட்ட பஞ்சால் துடைத்தால் போகும். ஆனால் இலை அடியிலோ பூந்தண்டிலோ காலிஃப்ளவர் பூ மாதிரி சொரசொரப்பான கட்டி வந்தால் அது வேறு, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் செய்வது, காற்றிலும் கையிலும் அடுத்த செடிக்குத் தாவும். அந்தப் பகுதியை ஆரோக்கியமான சதையோடு சேர்த்து வெட்டி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள், தோட்டத்து உரக்குழியில் போட வேண்டாம். கத்தியையும் கையையும் கழுவிவிட்டு வீட்டுக்கார அம்மா வாசல் செடிகளையும் ஒருமுறை போய்ப் பாருங்கள், உங்களுக்கு வந்திருந்தால் அங்கிருந்துதான் வந்திருக்கும். வேரின் படத்தையும், தண்டு அடியின் படத்தையும் எடுத்தால் இங்கேயே போடுங்கள், எவ்வளவு சீவ வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.